டம்ளரில் கரைந்த கல்

சுரங்கம் இடிந்து செத்துப்போன தம்பியின் நகக்கண்ணில் அப்பியிருந்த சாம்பல் நிறச் சேற்றை அக்கா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது மேலாளர் உள்ளே வந்தார். சுரங்கப்பாதை வேலை முழுக்க அவர் பொறுப்பு. துக்கத்துக்கென்றே இஸ்திரி போட்ட மாதிரி ஒரு முகம்.

அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். "நல்ல பையன்மா. என்ன செய்யறது, யார் பேச்சையும் கேக்காம மெஷினை எடுத்துட்டு உள்ள போயிட்டான். பாறையில தப்பில்ல. சோதிச்ச கல்லு அத்தனையும் இரும்பாட்டம் நின்னுச்சு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தன் பிள்ளைமேல்தான் தப்பு என்று நம்பத் தொடங்கிவிட்டாள். அக்கா துணியைக் கீழே வைத்தாள். செத்தவன் வாய் திறக்கமாட்டான் என்ற தைரியம் இந்த ஆளுக்கு.

அங்கே கல் சோதிக்கும் பொறியாளராக இருந்தவள் அவள். பாறையில் துளைபோட்டு எடுத்த, சேறு இறுகி உண்டான கல்லில் இரண்டு வகை இருந்தது. சுண்ணாம்பும் மணலும் கலந்தது பாரம் தாங்கும். களிமண் மிகுந்தது காய்ந்திருக்கும்வரை கெட்டிபோல நடிக்கும், ஈரம் பட்டால் ஊதி உதிர்ந்துவிடும். உதிர்ந்ததை இயந்திரத்தில் அழுத்திப் பலம் பார்க்க முடியாது. "நிக்கிற கல்ல மட்டும் சோதிச்சு அனுப்பு" என்றார் இவர். அவள் முடியாது என்றாள். மறுவாரமே அவளை வேறு பிரிவுக்குத் தூக்கியடித்தார்.

அவள் எழுந்துபோய்க் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாயருகே கொண்டுபோனார்.

"இருங்க சார்." கைப்பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து டம்ளருக்குள் போட்டாள். "நீங்க ஒதுக்கச் சொன்னதுல ஒண்ணு."

குமிழிகள் கிளம்பின. ஓரங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"அம்மா, இங்க பாரு. தம்பி தலைக்கு மேல இருந்தது இதுதான். மழைத்தண்ணி கசிஞ்சு இறங்குச்சு, அவ்வளவுதான். அவன் ஒரு தப்பும் பண்ணல."

"இதெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்றார் மேலாளர் தாழ்ந்த குரலில்.

"இப்பதான் சார். மிச்சக் கல்லெல்லாம் விசாரணை அதிகாரிகிட்ட இருக்கு."

அவர் எழப் பார்த்தார்.

"உக்காருங்க. இன்னும் முழுசா கரையல."

அவர் மறுபடி உட்கார்ந்தார். அதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. அம்மா தலை நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் டம்ளரை நீட்டினார். வாங்கிக்கொள்ள ஒருவரும் வரவில்லை.

அக்கா தம்பியின் அருகே உட்கார்ந்து, துணியைப் பிழிந்துவிட்டு, அடுத்த விரலை எடுத்துக்கொண்டாள்.