வாத்தியார் வேஷம்

தண்ணீரின் சூடு சரியாக இருக்கிறதா என்று கிண்ணத்தில் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான், சுட்டால் சொல்வதற்கு ஆள் இல்லை என்பது அண்ணனுக்கு உறைத்தது. அப்படியும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவிக்கொண்டார். துண்டை நனைத்துப் பிழிந்து தங்கையின் கன்னத்தில் வைத்தார்.

"அப்படியே கொஞ்ச நேரம் இருக்கட்டும் அண்ணே. முடி இளகும்," என்றாள் பவுடர் அக்கா.

இறந்துபோனவள் அவருடைய ஒரே உடன்பிறப்பு. தம்பியாகப் பிறந்து, இருபத்தேழு வயதுவரை தம்பியாகவே எப்படியோ ஒப்பேற்றி, பிறகு தங்கையானவள். நுரையீரலில் கட்டி. நான்கு மாதமாக இந்த அறையில்தான் படுத்திருந்தாள். காலையில் ஜன்னலைத் திறக்கப் போன அவர் மனைவி, திறக்காமலே திரும்பி வந்து, "என்னங்க, கொஞ்சம் வாங்க," என்று மட்டும் சொன்னாள்.

பவுடர் அக்கா, தங்கை ஆடிய அரங்கத்தில் முப்பது வருடமாக ஒப்பனை செய்பவள். அறுபதைத் தாண்டிவிட்டாள், சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அக்கா. அவளுடன் வந்திருந்தவன் ஆறடிக்கு மேல் உயரம். மேடையில் பெண் வேஷம் கட்டுகிறவன், கொடிக்கம்பம் என்று பெயர். செய்தி சொல்லப் போன் செய்தபோது அண்ணன், "வர்றதுன்னா வாங்க. ஆனா வேஷம் கீஷம் இல்லாம, சாதாரணமா வாங்க," என்று சொல்லியிருந்தார். முந்தின நாள் ஆட்டம் முடித்துத் தூங்காமல், கிடைத்த முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்கள். இருவர் மேலும் சாம்பல் நிற உடைதான். இருந்தும் கொடிக்கம்பத்தின் காது மடலுக்குப் பின்னால் கழுவப்படாத ஜிகினா கொஞ்சம் மினுங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற தாய்மாமாவின் கண் அங்கேயே போய்ப் போய் வந்தது.

சற்று முன்புதான் பவுடர் அக்கா பெட்டியைத் திறந்து தூரிகைகளை வரிசையாக வைத்துவிட்டு, தங்கையின் வாய்வரை சுற்றியிருந்த கழுத்துத் துணியை விலக்கினாள். கை நின்றுவிட்டது. கன்னம், மோவாய், மேலுதடு எங்கும் பத்து நாள் தாடி, நரையும் கறுப்புமாக.

பெண்ணாக மாற அவள் சாப்பிட்ட எந்த மாத்திரைக்கும் கட்டுப்படாதது அது ஒன்றுதான். இந்த வீட்டுக்கு வந்த பிறகும், யாரும் எழும் முன்னால் குளியலறையில் விளக்கைப் போட்டு, தாழிட்டுக்கொண்டு தானே மழித்துக்கொள்வாள். பத்து நாளுக்கு முன்னால் கை நடுங்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து அந்தத் துணி. "குளிருது அண்ணி," என்றாள். தலைக்குக் குளிப்பாட்ட, நகம் வெட்ட, துணி மாற்ற எல்லாவற்றுக்கும் அண்ணியிடம் தன்னை ஒப்படைத்தவள், இதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அண்ணன் பார்த்துவிட்டார். முதல் நாளே பார்த்துவிட்டார். 'நான் பண்ணி விடட்டுமா' என்று கேட்க வேண்டியதுதான் பாக்கி. தினமும் அறை வாசல்வரை அந்தக் கேள்வியைக் கொண்டுபோய், "மாத்திரை சாப்டியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"என் கை இப்ப நிதானமா இல்ல," என்றாள் பவுடர் அக்கா. "தூக்கம் இல்ல. கீறிட்டா மறைக்கிறது கஷ்டம்."

"குடுங்க. நான் பண்றேன்."

தங்கை பதினாறு வயதில் முதல்முதலாக மழித்தபோது பிளேடு பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அப்பா இல்லாத வீடு. "பெரிய ஆம்பளை ஆயிட்டடா," என்று முதுகில் ஒரு தட்டு தட்டினார். முகம் துடைக்கத் துண்டை எடுத்தவள், துண்டுக்குள்ளேயே ரொம்ப நேரம் முகத்தை வைத்திருந்தாள்.

கன்னத்தில் வைத்த துண்டை எடுத்துவிட்டு நுரையைப் பூசினார். வெளிச்சம் போதவில்லை. கொடிக்கம்பம் மேஜை விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"கொஞ்சம் இடது பக்கம்," என்றார் அண்ணன். அவன் வலது பக்கம் போனான். "இடதுப்பா, இடது! ஐயோ, உன் இடது இல்ல, என் இடது. ஆங். இப்ப மெதுவா. மெ...து...வா. பதட்டமே வேணாம். உசுரு ஒண்ணும் போயிடாது."

சொன்ன பிறகுதான் எதை எங்கே சொன்னோம் என்று புரிந்தது. முப்பத்தைந்து வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் அவர். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அந்த வாக்கியம் வாயில் வரும். வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

விளக்கு ஆடியது. கொடிக்கம்பத்தின் தோள் குலுங்கிற்று. பவுடர் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறார்கள் என்று நினைத்தார். சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடக்க அடக்கப் பீறிட்டு வரும் சிரிப்பு.

"மன்னிச்சிருங்க அண்ணே," என்றாள் அக்கா கண்ணைத் துடைத்தபடி. "அச்சு அசல் வாத்தியார்! இவ்வளவு வருஷமா நாங்க பாத்த வாத்தியார். அந்த 'மெதுவா'வ அவ எவ்வளவு இழுப்பாளோ அதே இழுப்பு."

"எந்த வாத்தியார்?"

சிரிப்பு நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா.

தெரியாது. அவள் மேடையில் ஆடுகிறாள் என்று தெரியும். தெருப்பையன்கள் 'மினுக்கி, மினுக்கி' என்று கத்திய பட்டத்தையே எடுத்துப் பெரிய எழுத்தில் போஸ்டரில் போட்டுக்கொண்டாள் என்று தெரியும். அந்த போஸ்டர் ஒட்டிய சுவர் வழியாகப் பாடம் எடுக்கப் போக நேர்ந்தால், மாணவர்களை முந்தின திருப்பத்திலேயே திருப்பச் சொல்வார். அரங்கத்துக்குள் ஒரு நாள்கூடப் போனதில்லை.

அவர் மழித்துக்கொண்டே இருந்தார். அக்கா சொன்னாள்.

முதல் எட்டு வருடம் மினுக்கி பெண் வேஷம்தான் கட்டினாள். பாட்டுக்கு வாயசைத்து, ஒரு புருவத்தைத் தூக்கினாலே அரங்கம் எழுந்து நிற்கும். பிறகு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். முதலாளி கதவிலேயே நிறுத்திவிட்டார். "ஆம்பள பொம்பளையா வந்தாதான் வித்தை. பொம்பளையே பொம்பளையா வந்து நின்னா அதுல என்ன இருக்கு பாக்க?" என்றார்.

"அழுதுகிட்டே போனா. அடுத்த வாரம் மீசை ஒட்டிக்கிட்டு வந்தா," என்றாள் அக்கா. "'எனக்கு ரொம்பக் கஷ்டமான வேஷம் இதுதான்கா. இருபத்தேழு வருஷம் ஒத்திகை பாத்திருக்கேன்'னு சொன்னா. ஒரு நாற்காலி போட்டு உக்காந்தா. பக்கத்துல காலி நாற்காலி. அதுல கார் ஓட்டக் கத்துக்கற பொண்ணு இருக்கறதா பாவனை. இவ வாத்தியார். 'கண்ணாடியப் பாரும்மா. கண்ணாடின்னா மூஞ்சி பாக்கற கண்ணாடி இல்லம்மா.' சிரிச்சு சிரிச்சு ஜனங்களுக்கு வயித்து வலி. பதினெட்டு வருஷம் அதே ஆட்டம்."

அண்ணன் பிளேடைக் கிண்ணத்தில் அலசினார். அந்தக் கண்ணாடி வாக்கியமும் அவருடையதுதான்.

"ஊர் முழுக்க என்னைக் காட்டிச் சிரிக்க வெச்சிருக்கா."

"சிரிப்பு முதல்ல. கடைசியில இல்ல," என்றான் கொடிக்கம்பம். "கடைசியில நடுரோட்டுல கார் நின்னு போயிடும். பொண்ணுக்கு மறுபடி கிளப்ப வராது. சுத்தி ஹாரன். கண்டபடி திட்டு. அப்ப வாத்தியார் கதவத் திறந்து இறங்குவார். இறங்கி, வர்ற வண்டிக்கெல்லாம் எதிர்ல போய் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிப்பார். திரும்பிப் பாத்து, 'நீ பொறுமையா கிளப்பும்மா. நான் நிக்கறேன்'னு சொல்வார். விளக்க அணைச்சிடுவாங்க. ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க அண்ணே. கொஞ்ச நேரம் கைகூடத் தட்ட மாட்டாங்க."

பிளேடு தங்கையின் மோவாயில் நின்றது.

அப்படி ஒன்று நடந்ததே இல்லை. வண்டி நடுரோட்டில் நின்றால் அவர் உள்ளே உட்கார்ந்தபடியே பயிற்சிக் காரில் தன் பக்கமும் இருக்கும் மிதிகளை மிதித்துச் சமாளிப்பார். இறங்கியதில்லை. தெருவில் பையன்கள் அவளைச் சுற்றி நின்று கத்திய நாட்களிலும், எதிர்ப் பக்கம் பேப்பர் கடையில் ஏதோ வாங்குவதுபோல நின்றிருக்கிறார். அவர் அங்கே நின்றதை அவள் பார்த்ததும் அவருக்குத் தெரியும்.

"நான் அப்படி இறங்கினதே இல்ல," என்றார்.

பவுடர் அக்கா அவரைப் பார்க்கவில்லை. ஈரத்துணியால் தங்கையின் காதோரத்து நுரையைத் துடைத்தாள். "நடந்ததுன்னு அவ எங்கயும் சொல்லல. நடிச்சுக் காட்டினா. அவ்வளவுதான்."

மேலுதடுதான் மிச்சம். மூக்கை லேசாகத் தூக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு மெதுவாக மழித்தார். ஒரு கீறல் விழவில்லை. புறங்கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அப்புறமும் கையை எடுக்கவில்லை. அக்கா காத்திருந்தாள்.

"பவுடர் போடலாமா அண்ணே?"

"போடுங்க. மேடைக்குப் போடற மாதிரி வேணாம்." கொஞ்சம் யோசித்தார். "இல்ல. அவளுக்கு எப்படிப் பிடிக்குமோ அப்படியே போடுங்க. எனக்கு என்ன தெரியும்?"

பத்தரைக்கு வேன் வந்தது. தங்கையை நீல உடையில் வெளியே கொண்டுவந்தார்கள். புருவம் இரண்டும் வில்லாக வளைந்து, யாரையோ செல்லமாக அதட்டப்போகிறவள் போலிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமா அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ரெண்டு பேரும் பஸ்ல வரட்டுமேப்பா. வேன்ல குடும்பத்து ஆளுங்க போனாப் போதாதா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"நீங்க கார்ல வாங்க மாமா," என்றார் அண்ணன். அவர் குரலில் கோபம் இல்லை. "அவங்க அவகூட வரட்டும்." கொடிக்கம்பம் தலை இடித்துக்கொள்ளாமல் ஏற, வேன் கதவின் மேல் விளிம்பில் கையை வைத்துக்கொண்டார்.

மயானத்தில் பதிவேடு எழுதுகிறவர் பேனாவோடு நிமிர்ந்தார். "இறந்தவங்க உங்களுக்கு என்ன முறை?"

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று இதே கேள்விக்குத் தடுமாறி, "எங்க வீட்டு ஆளு," என்று முடித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி. கூடப்பொறந்த தங்கச்சி."

"பேரு?"

அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயரைச் சொன்னார். அவர் வாயால் அதை உரக்கச் சொல்வது அதுதான் முதல் தடவை. எழுதுகிறவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாக மறுபடியும் சொன்னார்.

மதியம் வீடு திரும்பினார்கள். மாமா வழியிலேயே இறங்கிக்கொண்டார். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. "ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுப் போங்க," என்று விருந்தாளிகளை உட்கார வைத்துவிட்டு மனைவி உள்ளே போனாள். அண்ணன் கைகால் கழுவிக்கொண்டு வருவதற்குள் இருவரும் சோபாவிலேயே தூங்கிவிட்டிருந்தார்கள். அக்காவின் தலை கொடிக்கம்பத்தின் தோளில். அவன் கால்கள் நீண்டு நடைவழியை அடைத்திருந்தன. ஜன்னல் வெயில் இரண்டு முகத்திலும் நேராக விழுந்துகொண்டிருந்தது.

அவர் அந்தக் கால்களைத் தாண்டிப் போய்த் திரையை இழுத்துவிட்டார். வளையங்கள் கிறீச்சிட்டன. மீதியைச் சத்தம் வராமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்.

தட்டோடு வந்த மனைவி வாசலில் நின்றாள். "டீ..."

"எழுப்பாத."

அவள் திரும்பிச் சமையலறைக்குப் போனாள். அவரும் பின்னாலேயே போனார். சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடி ஒரு கோப்பையை அவரிடம் நீட்டினாள். இன்னொன்றை அவள் எடுத்துக்கொண்டாள்.