வெளியாள் ஐந்து பேர்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இருபத்திரண்டு வருஷமாக ஆய்வுப் பிரிவில் உட்கார்ந்து, இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்க வருகிறவர்களின் படிவங்களைச் சரிபார்ப்பவள் வேறு எப்படி இருப்பாள்? பாடத் தேர்வு, தகுதித் தேர்வு, இரண்டு கட்டுரை, பாடம் நடத்திய சான்று, ஆய்வேடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கடைசிக் கட்டம் பொது வாய்மொழித் தேர்வு. அதில் துறைக்கு வெளியே இருந்து ஐந்து பேராவது வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர்களில் ஒருவராவது ஒரு கேள்வி கேட்க வேண்டும். இல்லையென்றால் தேர்வு செல்லாது.

அன்று தேர்வு பெட்டிக்காரருக்கு. வானத்திலிருந்து வந்து விழும் துகள்களை எண்ணும் பெட்டி ஒன்றை மொட்டை மாடியில் வைத்து ஏழு வருஷம் காவல் காத்தவர் என்பதால் அந்தப் பெயர். வானிலை மையத்தில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதிக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளருக்கோ ஒரு மணிக்கு ரயில். அவரை விட்டால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான்.

காலை பத்தரை மணிக்குக் குறிப்பேட்டோடு அறைக்குள் நுழைந்தேன். தேர்வாளர் இருந்தார், வழிகாட்டிப் பேராசிரியர் இருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில் பெட்டிக்காரர் நின்றிருந்தார். நாற்பது நாற்காலியும் காலி.

"அறிவிப்பு ஒட்டினீங்களா தம்பி?"

"போன வாரமே ஒட்டிட்டேன்கா. எல்லாரும் வர்றேன்னுதான் சொன்னாங்க."

வெளியே போய்ப் பலகையைப் பார்த்தேன். தேதி சரி, அறை சரி. நேரம் மட்டும் ஐந்து மணி என்று இருந்தது.

"என்ன தம்பி இது, அஞ்சு மணி?"

திருதிருவென்று விழித்தார். "அது உலக நேரம்கா. பெட்டியோட பதிவெல்லாம் அதுலதான் இருக்கும். கை பழகிடுச்சு. நம்ம கடிகாரத்துக்கு அஞ்சரையைக் கூட்டிக்கணும்."

"யாரு கூட்டிக்கணும்? கேன்டீன் அண்ணனா?"

"வீட்டுலகூடப் பலகையைப் பாருன்னு சொல்லிட்டேன்கா. அவளும் சாயங்காலம்னுதான் நினைச்சிருப்பா."

தலையில் அடித்துக்கொண்டேன். திட்டுவதற்கு நிறைய இருந்தது, நேரம்தான் இல்லை. தேர்வாளரிடம் கால் மணி நேரம் கேட்டுக்கொண்டு இறங்கி ஓடினேன். கேன்டீன் அண்ணனை அடுப்படியிலிருந்து இழுத்தேன். வாசல் காவலாளியையும் நூலகத்து அம்மாவையும் பிடித்தேன். இரண்டாம் மாடியில் லிஃப்டைக் கழற்றிப் போட்டிருந்த மெக்கானிக்கையும் ஸ்பேனரோடு ஓட்டிக்கொண்டு வந்தேன்.

"எனக்கு ஒண்ணும் புரியாதுங்களே" என்றார் அவர்.

"புரியணும்னு விதியில இல்ல. உக்காருங்க."

நாலு பேர் ஆயிற்று. குறிப்பெழுதுகிறவள் என்பதால் என்னைக் கணக்கில் சேர்க்க முடியாது. இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பெட்டிக்காரரின் மனைவிக்குப் போன் போட்டேன். பெட்டிக்காரர் தன் ஆய்வை விளக்கிப் பாதியில் இருக்கும்போது சீருடையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கணவனைப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அங்கே வைத்திருந்த ஆய்வேட்டைப் புரட்ட ஆரம்பித்தாள்.

பேச்சு முடிந்தது. தேர்வாளரும் குடைய வேண்டியதையெல்லாம் குடைந்து முடித்தார். "பொதுமக்கள் கேள்வி கேக்கலாம்" என்றார் வழிகாட்டி.

கேன்டீன் அண்ணன் கூரையைப் பார்த்தார். நூலகத்து அம்மா நகத்தைப் பார்த்தார். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இத்தனையும் செய்து ஒரு கேள்வி இல்லாமலா போக வேண்டும்?

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"என்னங்க..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள் நர்ஸ். "ஐயா, இந்தப் படத்துல ஓரிடத்துல மட்டும் கோடு விட்டுப் போயிருக்கே, பதினோரு மணி நேரம். ஏன்?"

பெட்டிக்காரரின் காது சிவந்தது. "தொழில்நுட்பக் காரணம்னு கீழேயே எழுதியிருக்கேன்."

"தேதியைப் பாத்துட்டுதான் கேக்குறேன்."

தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன காரணம், சொல்லுங்க."

"பெட்டி நின்னுடுச்சு சார். அப்பப்போ நிக்கும், போய் ஒரு பொத்தானை அழுத்தினா ஓடும். நின்ன உடனே எனக்குப் போன்ல தகவல் வந்துடும். அன்னைக்கும் வந்துச்சு."

"போகலையா?"

"போகல சார். பிரசவ வார்டு வாசல்ல இருந்தேன். எங்க மக பிறந்த அன்னைக்கு அது."

"என்னைவிட அந்தப் பெட்டிதான் உசத்தின்னு இத்தனை வருஷமா குத்திக் காட்டிட்டிருந்தேன்கா" என்றாள் அவள். என்னிடம்தான் சொன்னாள், எல்லோருக்கும் கேட்டது. "ஒரு வார்த்தை சொல்லலியே இந்த மனுஷன்." காவலாளி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

தேர்வாளர் மட்டும் அசையவில்லை. "ஆய்வேட்டுல பொய் இருக்கக் கூடாது. தொழில்நுட்பக் காரணத்தை அடிச்சிட்டு, உண்மையை எழுதிக் கொடுங்க. அது ஒண்ணுதான் திருத்தம். வாழ்த்துகள் டாக்டர்" என்று சொல்லிவிட்டு, தன் பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடியும் படியிறங்கி ஓடினார். லிஃப்டைச் சரிசெய்ய வேண்டியவர் எங்களோடு நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை திருத்திய பக்கம் என் மேஜைக்கு வந்தது. வழக்கம்போல ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். "பதினோரு மணி நேரம் பதிவு இல்லை: மகள் பிறந்தாள்" என்று அடிக்குறிப்பு இருந்தது. முத்திரையை ஓங்கிக் குத்தினேன்.