மைனர் பேரில் ஒரு நம்பர்

வெளிநாட்டு ஏர்போர்ட் ஒன்றின் சிம் கார்டு கவுண்டர் முன்னால் அன்று காலை இருந்தவர்கள்: ஒரு கொத்தனார், அவர் மனைவி, ஊரே மைனர் என்று கூப்பிடும் மனைவியின் தம்பி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சிம் விற்கும் பெண், இவர்களுக்குப் பின்னால் பெட்டிகளோடு நெளிகிற ஒரு வரிசை. வரவேற்க வந்திருக்க வேண்டியவள் வரவில்லை. கொத்தனாரின் மகள் அதே நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள். இதயத்தில் ஒரு வால்வு மாற்ற வேண்டும்.

வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக அந்த நாட்டுக்குப் போனவள். தனி ஆள். ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம் இருந்தது. நோயாளிக்கு உறவு என்று ஒருவர் உள்ளூர் போன் நம்பரோடு பதிவாக வேண்டும். பதிவாகாமல் ஆபரேஷன் அறைக்குள் கட்டிலைத் தள்ள மாட்டார்கள். வெளிநாட்டு நம்பர் செல்லாது.

“ஏர்போர்ட்லயே சிம் வாங்கிடுங்கப்பா. மத்தியானத்துக்குள்ள நம்பர் தரலேன்னா என்னை வரிசையிலேர்ந்து எடுத்துருவாங்க. மறுபடி எப்போ கூப்பிடுவாங்கன்னு டாக்டருக்கே தெரியாது” என்று இவர்கள் விமானம் ஏறும் முன்பே சொல்லியிருந்தாள்.

சிம் வாங்குவதெல்லாம் ஒரு காரியமா என்றுதான் கொத்தனார் நினைத்தார். பாஸ்போர்ட்டை நீட்டினார். கவுண்டர் பெண் தன் மொழியில் தன் போனிடம் ஏதோ சொன்னாள். அந்தப் போன் செய்தி வாசிப்பவர் குரலில் தமிழ் பேசியது.

“வணக்கம். தங்கள் முகம் பொருந்தியது. இப்போது தங்கள் வலது ஆள்காட்டி விரலை வையுங்கள்.”

“அம்மாடி! நம்ம பாஷை பேசுதுங்க!” மனைவி ஒரு அடி பின்னால் போனாள்.

“பேசும்க்கா. சொல்லிக் குடுத்தா திட்டக்கூடச் செய்யும்” என்றான் மைனர்.

தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி, அடியில் பச்சை வெளிச்சம். கொத்தனார் விரலை வைத்தார். விரல் எப்படிப் பதிகிறது என்று வாடிக்கையாளரும் பார்க்கிற மாதிரி ஒரு திரையை இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். அதில் ஒரு சாம்பல் நிற வட்டம் வந்தது. வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை.

“மீண்டும் வையுங்கள்.”

வைத்தார். அழுத்தி வைத்தார். கட்டைவிரல், நடுவிரல், இடது கை என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். அதே வெறும் வட்டம். ஊரில் இந்த மாதிரி மெஷின் வரும் இடத்திலெல்லாம் கண்ணைக் காட்டித்தான் அவருக்கு வேலை நடந்திருக்கிறது. காரணம் யாரும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. தன் விரலை இவ்வளவு பெரிதாக அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பூசி முடித்து மட்டம் பார்த்த சுவர் மாதிரி இருந்தது அது. ஒரு கீறல் கிடையாது, ஒரு திட்டு கிடையாது. அப்படிப் பூசுவதுதான் தொழிலில் அவர் பெயர் வாங்கிய விஷயம். பூசுகிற கரணை போன தடம் தெரியாது என்பார்கள். சிமென்ட் இத்தனை வருஷமாக அதே வேலையை அவருக்குச் செய்து வைத்திருக்கிறது. கொத்தனாருக்கு உடம்பு சிலிர்த்தது. பயமா பெருமையா என்று பிரித்துச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

வரிசையில் நின்ற ஒரு கிழவி பொறுக்க மாட்டாமல் முன்னால் வந்தாள். பையிலிருந்து ஏதோ களிம்பை எடுத்து, கேட்காமல் கொள்ளாமல் அவர் கையைப் பிடித்துப் பத்து விரலிலும் தேய்த்தாள். கொத்தனார் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றார். மறுபடி வைத்தார். இப்போது வட்டம் பளபளவென்று இருந்தது. அவ்வளவுதான்.

“என்னோடதை வச்சுப் பாக்கச் சொல்லுங்க” என்று மனைவி சேலையில் கையைத் துடைத்தாள். கேன்டீனில் அண்டா தேய்த்தே மகளைப் படிக்க வைத்தவள். சோப்புத் தூளும் கம்பி நாரும் அவள் விரலில் எதையும் விட்டு வைக்கவில்லை. இரண்டு மூன்று வெடிப்புகள் மட்டும் திரையில் மின்னல் மாதிரி ஓடின.

போன் பேசியது: “மன்னிக்கவும். தயவுசெய்து வேறு மனிதரைக் கொண்டு வாருங்கள்.”

மனைவி அழவில்லை. கோபம்தான் வந்தது. “வேற மனுசன்னா? நாங்க மனுசங்க இல்லாம வேற என்னவாம்? கேளுங்க அதை!”

“அக்கா, மெஷின்கிட்ட மல்லுக்கு நிக்காத.”

அப்போதுதான் இருவரும் திரும்பி மைனரைப் பார்த்தார்கள்.

நாற்பதைத் தாண்டியும் கையில் அழுக்குப் படாதவன் மைனர். அவன் உழைப்பெல்லாம் நாக்கில்தான். சலூனில் பேசுவான், பஸ் ஸ்டாண்டில் பேசுவான், சாவு வீட்டில் பிணத்தைத் தவிர எல்லோரிடமும் பேசுவான். இரவு முழுக்க விமானத்தில் வந்தும் சட்டை மடிப்புக் கலையாமல் நின்றான். நாலு பேரிடம் வாய் கொடுக்க ஆள் வேண்டுமே என்றுதான் கொத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு அவனையும் கூட்டி வந்தார். ஒருமுறை வீட்டு காஸ் இணைப்பை அவன் பேரில் போட்டார்கள். ஒரே மாதத்தில் சிலிண்டரை சிநேகிதன் வீட்டுக்கு இரவல் கொடுத்துவிட்டு, யாருக்குக் கொடுத்தோம் என்பதையும் மறந்துவிட்டான். இனி இவன் பேரில் ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது என்று கொத்தனார் அன்றைக்குச் சொன்னதுதான் அந்த வீட்டின் சட்டம்.

“மச்சான், நீ வை.”

மைனர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “வேணாம் அத்தான். என் பேர்ல எதுவும் போடாதீங்க. நான் ராசியில்லாதவன்னு நீங்கதானே சொல்வீங்க.”

“வைடா. பிள்ளை அங்க காத்துட்டிருக்கு.”

வைத்தான்.

திரை நிறைந்தது. நடுவில் ஒரு சின்னச் சுழி. அதைச் சுற்றி ஒரு கோடு, அதற்கு வெளியே இன்னொன்று, அடுத்தது, அடுத்தது என்று ஓரம்வரை விரிந்துகொண்டே போயின. எங்கேயும் ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. ஒரு கோடு இரண்டாகப் பிரியும் இடத்தில்கூட இடைவெளி மாறவில்லை. நூல் பிடிக்காமல், ரசமட்டம் வைக்காமல் இதை யார் போட்டது? கொத்தனார் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். தன் ஆயுளில் அவர் கட்டிய எந்தச் சுவரும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. ஒரு வேலையும் செய்யாத ஒருத்தன் விரல் நுனியில் இத்தனை வேலை நடந்திருக்கிறது. தன் விரலிலும் இது இருந்திருக்கும். மனைவி விரலிலும். எந்த வருஷம் கடைசிக் கோடு போனது என்று யாரைக் கேட்பது?

“இதுவா என்னோடது?” மைனரே வாயைப் பிளந்தான். அக்காவிடம் மெதுவாகச் சொன்னான்: “கோயில் தூண்ல செதுக்கின மாதிரி இருக்குக்கா.”

“சும்மா வச்சிருந்த கைதானே. நல்லாத்தான் இருக்கும்” என்றாள் அவள். சொல்லிவிட்டு அவளும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்னால் களிம்புக் கிழவி கை தட்டினாள்.

கவுண்டர் பெண் கொத்தனார் நீட்டிய போனின் பக்கவாட்டில் ஊசி முனையால் குத்தி, பழைய சிம்மைத் தள்ளிவிட்டு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு தகட்டை வைத்தாள். எல்லோரும் போன் திரையைப் பார்த்தார்கள். மூலையில் ஒரு சிக்னல் குச்சி எழுந்தது. பிறகு மற்ற குச்சிகள். கொத்தனார் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார், ஏதாவது இறங்கி வருகிறதா என்று. கூரையில் விளக்குகள் மட்டும்தான் இருந்தன.

மகளுக்கு அடித்தார்கள். ஒரே ரிங்கில் எடுத்தாள்.

“அம்மா! வந்துட்டீங்களா? நம்பர் யார் பேர்ல இருக்கு?”

“உன் மாமா பேர்ல.”

“மைனர் மாமா பேர்லயா?” அந்தப் பக்கம் அவள் மூச்சு வாங்கச் சிரித்தாள். “ஐயோ. அப்பா எப்படி ஒத்துக்கிட்டார்? சரி, உடனே டாக்ஸி பிடிச்சு வாங்க.”

மகள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது இதய வார்டு வாசலுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. நம்பரைப் பதிந்ததும் மைனர் கையிலிருந்த போனுக்கு ஒரு செய்தி வந்தது. நர்ஸ் அதையும் பாஸ்போர்ட்டையும் ஒத்துப் பார்த்தாள். நம்பர் யார் பேரிலோ அவர்தான் நோயாளியின் ஆள். மயக்க மருந்து கொடுக்கும்வரை பக்கத்தில் இருப்பதும், பிறகு உள்ளேயே உட்கார்ந்து தகவல் வாங்குவதும் அவர்தான். ஒருவர் மட்டும். நர்ஸ் மைனரைக் காட்டினாள்.

“நான் பெத்தவ! இவனுக்கு ரத்தத்தைப் பாத்தாலே தலை சுத்தும்!” மனைவி கத்தினாள். பாஷை தெரியாத நர்ஸுக்கும் விஷயம் புரிந்தது, ஆனால் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

கதவிடுக்கில் கட்டில் தெரிந்தது. மகள் படுத்தபடியே கூப்பிட்டாள். “அம்மா, சண்டை போடாத. இன்னிக்கு விட்டா அவ்வளவுதான். மாமாவே வரட்டும்.”

மைனருக்கு வேர்த்துக் கொட்டியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. “அத்தான், என்னால முடியாது. உள்ள போய் நான் என்ன செய்வேன்? எனக்கு என்ன தெரியும்?”

கொத்தனார் மகளைப் பார்த்தார். அவள் கண் இவர் மேல்தான் இருந்தது. அவரே உள்ளே போயிருந்தாலும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். அது அவருக்கே தெரியும்.

“பேசு” என்றார் மைனரிடம். “அவ தூங்குற வரைக்கும் வாயை மூடாத. ஊர்க்கதை, பொய்க்கதை, என்னைப் பத்திக் கேலி, எதுனாலும் பேசு.”

“உங்களைப் பத்தியா?”

“நீ பண்ற கேலி எனக்குத் தெரியாதாக்கும். போடா.”

மைனர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். நர்ஸ் கொடுத்த பச்சை அங்கியைப் பின்பக்கம் முன்னாக மாட்டி, அவள் திருத்திவிட்ட பிறகு உள்ளே போனான். இரண்டு அடி வைப்பதற்குள் அவன் குரல் கேட்டது. “என்னடி, கட்டிலைப் பாத்தா கல்யாண ரதம் மாதிரி இருக்கு? உங்கப்பன் ஏர்போர்ட்ல ஒரு கிழவிகிட்ட கையைக் குடுத்துட்டு நின்ன கதை தெரியுமா?”

கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம். சக்கரங்கள் நகர்ந்தன. மனைவி புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். வாங்கிய நம்பரும் போனும் மைனரோடு உள்ளே போய்விட்டன. இந்தப் பக்கம் இருவரிடமும் எதுவும் இல்லை. கதவு தானாகவே நகர்ந்து வந்து அந்தக் குரலைப் பாதியில் நறுக்கி மூடிக்கொண்டது. உள்பக்கம் பூட்டு விழுந்தது.