முட்டு எடுத்த மண்டபம்

திருப்பணிக்காக உத்திரத்தைத் தாங்க நிறுத்தியிருந்த இரும்பு முட்டுகளை எடுத்தாகிவிட்டது, கோயில் மண்டபத்தில் ஜனமும் உட்கார்ந்தாகிவிட்டது. இன்ஜினியரம்மாவுக்கு மட்டும் உட்கார முடியவில்லை. தூணில் முதுகைச் சாய்த்திருந்த அவள் அம்மா, "ஒரு இடத்துல இரேன்டி, கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டாள்.

இருக்கத்தான் ஆசை. ஆனால் அந்தத் தூண் இருக்கிறதே, சரியான வில்லங்கம்! கருவறையைப் பாறைமேல் எழுப்பியவர்கள் சுண்ணாம்பே இல்லாமல் கல்லோடு கல்லைப் பூட்டினார்கள், அது அசையாது. பல தலைமுறை கழித்து வந்தவர்கள் அதன் முன்னால் மண்டபத்தை ஒட்டவைத்தார்கள். பாறை தீர்ந்த இடத்தில் மண்ணைக் கொட்டி நிரவிவிட்டார்கள், புண்ணியவான்கள். அம்மா சாய்ந்திருந்த தூண் அந்த மண்மேல்தான் நின்றது. அதற்கு மேலே உத்திரத்தில் ஒரு விரிசல்.

விரிசல் பழசா, இன்னும் வளர்கிறதா என்று பார்க்க, அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டவைத்திருந்தாள். கல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். மழைக்காலம் முழுக்க அவள் வந்து பார்த்தபோதெல்லாம் எல்லாம் முழுசாகவே இருந்தன. அதை நம்பித்தான் முட்டுகளை எடுக்கச் சொன்னாள்.

பின்னே ஏன் உட்கார முடியவில்லை? மறுபடி அண்ணாந்து பார்த்தாள். மற்ற துண்டுகளெல்லாம் தூசி படிந்து மங்கியிருக்க, நடுவில் இருந்தது மட்டும் பளிச்சென்று இருந்தது.

"டேய், அந்தக் கண்ணாடிய துடைச்சியா?"

காண்ட்ராக்டர் அவளுடைய சொந்தத் தம்பிதான். முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"துடைக்கலக்கா, அது புதுசு. ஆளுங்க ஏணிய இடிச்சு உடைச்சிடறானுங்க. உன்கிட்ட சொன்னா திட்டுவியேன்னு, உடைய உடைய நானே வேற ஒட்டிட்டேன்."

அடப்பாவி! ஏணி எங்கே இடித்தது, கல்லல்லவா நகர்ந்துகொண்டிருக்கிறது!

"எல்லாரும் வெளிய போங்க! போங்கன்னா போங்க!"

ஜனம் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தது. அம்மாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வெளியே விட்டுத் திரும்பினால், தம்பி இரும்பு முட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருக்கிறான். அவனுக்கு இப்போதுதான் உறைத்திருந்தது.

ஓடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"விடுக்கா! இத்தனை நூறு வருஷம் நின்னது. உன் பேர் கெட்டுடும்."

"கெடட்டும்டா! கோயிலும் விழட்டும்! நீ வா!"

வாசலைத் தாண்டியதும் உள்ளே உத்திரம் இறங்கியது. புழுதி அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. தம்பி சின்னப்பிள்ளை மாதிரி தேம்பி அழுதான். பளாரென்று ஒன்று கொடுக்க வேண்டும் போல ஆத்திரம் அவளுக்கு. காலரை விட்டால்தானே கொடுக்க முடியும்?