குடுவை கழுவத் தெரிந்தவர்கள்

ஆசிரியர் அல்லாத பணியாளர்கள் என்று எங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கொல்லனைப் பார்த்து யாராவது குயவன் அல்லாதவனே, இங்கே வா என்று கூப்பிடுவார்களா? பல்கலைக்கழகத்தில் கூப்பிடுவார்கள். நான் அங்கே தச்சன். பெஞ்சோ கதவோ நாற்காலிக் காலோ, எது உடைந்தாலும் என் கொட்டகைக்குத்தான் வரும். படிப்பு எனக்கு ஐந்தாவதோடு சரி. ஆனால் ஒருவன் சிரித்துக்கொண்டே காகிதத்தை நீட்டினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிற அளவுக்குப் புத்தி இருக்கிறது.

என் தங்கை வேதியியல் கட்டடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறாள். பிள்ளைகள் சோதனை செய்துவிட்டுப் போட்டது போட்டபடி போகும் குடுவை, பீக்கர், குழாய் எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். எல்லாருக்கும் அவள் குடுவையக்கா. தலை நரைத்த பேராசிரியர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஊருக்கெல்லாம் அக்கா, வேலை மட்டும் தற்காலிகம். நாலு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கும். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். இந்த வருடம் நிரந்தர ஆணை வந்துவிடும் என்று கோப்பு மேலே போயிருந்தது. வந்தால் நிமிர்ந்துகொள்வாள். வராவிட்டால் மகளின் படிப்பு நடுவழியில் நிற்கும். விஷயம் அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் இல்லை.

போன வருடம் அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. எழுந்து நடமாட நாளாகும் என்றார்கள். லீவு கேட்டால் இடம் போய்விடும். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே எங்களைக் கூப்பிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள். நான், கரண்ட்டுக்காரன், ஸ்டோர்காரர், மூன்று பேர். பிசுக்குக்கு எது, கறைக்கு எது, எதை வெறுங்கையால் தொடக் கூடாது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். அவள் படுத்திருந்த நாளெல்லாம் நாங்கள் மாறி மாறிக் கழுவினோம். ஆய்வகப் பொறுப்பாளர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். எங்கள் வழக்கம் அது. ஒருத்தர் படுத்தால் மற்றவர் கை கொடுப்போம். மேலிடத்துக்கு மூச்சுக் காட்ட மாட்டோம்.

கோப்பு மேலே போயிருந்த இந்த நேரத்தில்தான் புது மேலாளர் வந்தார். சின்ன வயது அம்மா. குரலை உயர்த்தவே மாட்டார். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம். வந்தவுடன் 'அறிவுப் பகிர்வுக் கூட்டம்' என்று அறிவிப்பு ஒட்டினார். ஆசிரியர் அல்லாதவர்களிடம் இருக்கும் அறிவு அவர்களோடு போய்விடக் கூடாதாம். டீ உண்டு, பிஸ்கட் உண்டு.

"சும்மா இருக்கறவனக் கூப்பிட்டு டீ குடுக்கறாங்கன்னா, எதுக்கோ அடி போடறாங்கடா. வாயத் தொறக்காதீங்க" என்றேன்.

கரண்ட்டுக்காரன் சிரித்தான். "பெரியவரே, உங்களுக்கு உங்க உளி மேலயே சந்தேகம். ராத்திரி அதுவும் உங்களுக்குத் தெரியாம எங்கயாவது போயிட்டு வருதான்னு பாருங்க."

என் தங்கையும் சேர்ந்து சிரித்தாள். "அண்ணே, இத்தன வருஷத்துல நமக்கு என்ன தெரியும்னு யாராச்சும் கேட்டிருக்காங்களா? கேக்கட்டுமே."

கூட்டம் பெரிய அரங்கில். அந்த நாற்காலிகளைப் பழுது பார்த்தவன் நான், அன்றைக்குத்தான் முதல்முறையாக அதில் உட்கார்ந்தேன். மேலாளர் அம்மா மைக்கைப் பிடித்து, "உங்ககூட வேலை செய்யறவங்ககிட்ட நீங்க கத்துக்கிட்ட ஒரு வேலையைச் சொல்லுங்க" என்றார். பக்கத்தில் ஒருவன் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

கரண்ட்டுக்காரன் முதல் ஆளாக எழுந்தான். மைக் கையில் வந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க குடுவையக்கா வேலை எனக்கு அத்துப்படி மேடம். கண்ணக் கட்டிவிட்டாலும் கழுவுவேன்" என்றான். அறுவை சிகிச்சையைப் பற்றி வாய் திறக்கவில்லை, அந்த மட்டுக்கும் புண்ணியம். எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டல் சத்தம் ஸ்டோர்காரரைச் சும்மா இருக்க விடவில்லை. "அவனாவது பரவால்ல, ரெண்டு ஒடச்சான். நான் ஒண்ணுகூட ஒடைக்கல" என்றார். அதற்கும் கை தட்டல். என் தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

என்னிடம் மைக் வந்தது. "எனக்கு மரம் தெரியும். வேற எதுவும் தெரியாது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். யாரும் கை தட்டவில்லை.

அடுத்த மாதம் ஆணை வந்தது. கண்ணாடிச் சாமான் கழுவும் திறன் ஏனைய பணியாளர்களுக்கும் இருப்பதால் அவர்கள் அதைத் தம் வேலையோடு சேர்த்துச் செய்ய வேண்டும், தற்காலிக இடம் இனித் தேவையில்லை, நிரந்தரம் பற்றிய கோப்பு முடித்து வைக்கப்படுகிறது. கூடவே என் கொட்டகைக்கு ஒரு சான்றிதழும் வந்தது. 'சிறந்த அறிவுப் பகிர்வாளர்' என்று என் தங்கை பெயர் போட்டு. அதற்குச் சட்டம் போட்டுத் தர வேண்டுமாம். என்னிடம்! என் தங்கையின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு அதற்குத் தேக்கில் சட்டம்! அதை மரத்தூள் மூட்டைக்குப் பின்னால் எறிந்தேன்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் கொட்டகைக்கு வந்தார்கள். தங்கை ஓரத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணக் கட்டிவிட்டாலும் கழுவுவியாமே? வா, கட்டறேன்" என்றேன்.

கரண்ட்டுக்காரன் தலையைத் தூக்கவில்லை. "அக்காவுக்குப் பெருமையா இருக்கும்னுதான் சொன்னேன், பெரியவரே. சத்தியமா."

"தெரியாதுன்னு எழுதிக் குடு."

"அதான் படம் புடிச்சு வெச்சிருக்காங்களே."

ஸ்டோர்காரர் தொண்டையைச் செருமினார். "நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. மேல இருக்கறவங்கள எதுத்து மெமோ வாங்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. பதவி உயர்வு வர்ற நேரம்."

"உடைக்காம கழுவினீங்களே, அதுக்கா?" என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார். மறுநாளிலிருந்து அவருக்கு முதுகு வலி. தொட்டிப் பக்கமே வரவில்லை.

நானும் தங்கையும் மேலாளர் அறைக்குப் போனோம். உட்காரச் சொன்னார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"ஐயா, இதுல நாங்களா எதுவும் சேர்க்கல. அவங்களே சொன்னதுதான்."

"தெரியும்னு சொன்னாங்கம்மா. அவ வேணாம்னு சொன்னாங்களா?"

"ஒரே வேலைக்கு மூணு பேர் இருக்காங்கன்னா, நான் என்ன பண்ண முடியும்? மேல எனக்கும் கேக்கறாங்க."

"ஒங்க வீட்டுல எல்லாருக்கும் சமைக்கத் தெரியும்னா, சமைக்கறவங்கள வெளிய அனுப்பிடுவீங்களா?"

தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மேலாளர் அம்மாவுக்கு முகம் சிவந்தது, ஆனால் குரல் ஏறவில்லை. ஆணை ஆணைதான் என்றார். வெளியே வந்ததும் தங்கை அழவில்லை. சித்தாள் வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டாள். வயிற்றில் தையல் போட்ட உடம்பு. எனக்கு அந்தக் கட்டடத்தையே இடித்துத் தள்ள வேண்டும்போல் இருந்தது.

கரண்ட்டுக்காரன் என்ன நினைத்தானோ, மறுநாள் காலையில் கதவு திறந்ததும் தொட்டிக்கு முன்னால் போய் நின்றான். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக் கழுவத் தொடங்கினான். கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான். வேதியியல் கட்டடத்தில் குடுவை எப்போது தீர்ந்திருக்கிறது? நூலகத்தில் மின்விசிறி நின்றது. ஆள் வந்து கூப்பிட்டார்கள். "இது முடிஞ்சதும் வர்றேன்." கணினி அறையில் பாதி விளக்கு எரியவில்லை. "இது முடிஞ்சதும் வர்றேன்." சாயங்காலம் வரை இது முடியவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். வார்த்தைக்கு வார்த்தை ஆணைப்படி நடந்தான், ஒரு குற்றம் சொல்ல முடியாது. அவன் மேல் எனக்கு இருந்த கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்தின் தரம் பார்க்க வெளியிலிருந்து குழு வந்த அன்று, அரங்கில் மின்சாரம் போனது. நான் அப்போது குடுவைகளைக் கவிழ்த்து வைக்கும் பலகைக்குப் புது முளை அடித்துக்கொண்டிருந்தேன். மேலாளர் அம்மா நேராகத் தொட்டிக்கே வந்துவிட்டார்.

"எல்லாரும் இருட்டுல உக்காந்திருக்காங்க! வாங்க!"

"வர்றேன் மேடம். இன்னும் ஒரு கூடைதான்." அவன் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "நீங்கதான் ரெண்டையும் சேத்து செய்யணும்னு போட்டிருக்கீங்க. மண்டை ரெண்டு வேலையையும் தெரிஞ்சு வெச்சுக்குது மேடம். கைதான் இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு போக மாட்டேங்குது."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்களுக்கு ஃபியூஸ் மாத்தத் தெரியுமாமே?"

எனக்குத் தெரியும். அவன்தான் சொல்லிக் கொடுத்தான். "எனக்கு மரம் மட்டும்தான் தெரியும்மா" என்றேன். "படம் புடிச்சீங்களே, போட்டுப் பாருங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "சரி. அவங்க நாளைலேர்ந்து வரட்டும். முன்ன மாதிரியே" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்: "முன்ன மாதிரின்னா வேணாம் மேடம். முடிச்சு வெச்ச கோப்பு தொறக்கட்டும். ஆர்டரோட வரட்டும். அதுவரைக்கும் நானே கழுவிக்கறேன்." சொல்லிவிட்டு அடுத்த குடுவையை எடுத்தான். அவன் விரல்கள் சோப்பில் வெடித்துச் சிவந்திருந்தன.

குழுவை மரத்தடிக்குக் கூட்டிப்போய் அங்கே உட்கார வைத்தார்கள். அவனுக்கு மெமோ வந்தது. விளக்கம் கேட்டார்கள். ஆணையின் நகலையே விளக்கமாகக் கொடுத்தான். ஒருபக்கம் கட்டடம் கட்டடமாக விளக்கு போனது, மறுபக்கம் பேராசிரியர்கள் மேலிடத்துக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். எங்களுக்காக இல்லை, இருட்டுக்காக. எதற்காகவோ, போட்டார்கள். என் தங்கைக்கு நிரந்தர ஆணை வந்தது. நிர்வாக வசதியைக் கருதி என்று அதில் எழுதியிருந்தது. தவறு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை? கிடையாது. அவன் மெமோவையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அது அவன் கோப்பில் இன்னும் கிடக்கிறது. ஒன்றும் செய்யாத ஸ்டோர்காரருக்குப் பதவி உயர்வு.

ஆணையை வாங்கிக்கொண்டு தங்கை தொட்டி அறைக்கு வந்தாள். காகிதத்தைக் கைக்குழந்தையைக் கொடுக்கிற மாதிரி பத்திரமாக என் கையில் கொடுத்தாள். பிறகு பலகையில் காய்ந்துகொண்டிருந்த ஒரு குடுவையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"டேய், கழுத்துல பிசுக்கு அப்படியே நிக்குது. இதத்தான் கண்ணக் கட்டிட்டு கழுவுவேன்னியா?"

"கண்ணத் தொறந்துதான்க்கா கழுவினேன்" என்றான்.

"நாளைக்குச் சீக்கிரம் வா. அமிலத்துல ஊறப்போடறத உனக்கு இன்னும் சொல்லித் தரல."

எனக்குத் தாங்கவில்லை. "இன்னுமா சொல்லித் தரப்போற? பட்டது பத்தாதா உனக்கு? புத்தி இருக்கா?"

அவள் தொட்டிக் குழாயைத் திறந்தாள். "எனக்கு மறுபடி உடம்புக்கு வராதா அண்ணே? அப்ப யாரு, உங்க மேலாளர் அம்மாவா வந்து கழுவுவாங்க? நீங்களும் வாங்க. கையுறை கொண்டாங்க."

வெளியே வந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. ஸ்டோருக்குப் போய், பதவி உயர்ந்தவர் முகத்தைப் பார்க்காமலே, பெரிய அளவில் ஒரு ஜோடி கையுறை கேட்டேன்.