முப்பதாவது புள்ளி

ஒரு ஊராம், அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடமாம், அதன் ஐந்தாம் வகுப்புக்கு அரசாங்கம் கொடுத்த தசமப் புள்ளிகள் முப்பதாம். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் அவற்றைத் தீப்பெட்டியில் திருப்பிப் போட்டுவிட வேண்டும்.

அன்று இருபத்தொன்பதுதான் இருந்தது. நான்கு மணிக்குப் புள்ளிகளைச் சரிபார்க்கக் கல்வி அலுவலர் வருகிறார். ஒன்று குறைந்தாலும் பாக்கியவதி டீச்சருக்கு மலை மேல் மாற்றல். அவர் கதவைத் தாழிட்டார்.

"நகத்தைக் காட்டுங்க."

நகங்களில் அழுக்குதான் இருந்தது. இருதயராஜின் கன்னத்து மச்சம் நேற்று இருந்ததா என்று டீச்சருக்கு நினைவில்லை. ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தார்.

"எரியுது டீச்சர். பொறக்கும்போதே இருந்துச்சாம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீங்க."

காலையில் நடத்தியது லிட்டர் பாடம். மில்லிலிட்டராக்கப் புள்ளியை மூன்று இடம் வலப்பக்கம் தள்ள வேண்டும். கூடவே லிட்டரை அழித்து மில்லிலிட்டர் என்று எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் பாட்டிலில் தண்ணீர் பெருகிவிடும். இதை நாலு தரம் சொல்லியிருந்தார். யாரோ நன்றாகவே கவனித்திருக்கிறார்கள்.

கடைசி பெஞ்சருகே செவ்வந்தியின் பாட்டில் தரையில் நின்றது. டீச்சர் தூக்கினார். அசையவில்லை. அதில் ஒட்டிய சீட்டில் '1 500 லிட்டர்' என்றிருந்தது. ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே சின்ன இடைவெளி.

"வாயைத் திற."

செவ்வந்தி நாக்கை அசைக்காமல் பேசினாள். "எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வந்து பன்னெண்டு நாளாச்சு டீச்சர்."

கதவு தட்டப்பட்டது. டீச்சர் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் நெற்றியிலிருந்த கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை உரித்துத் தீப்பெட்டியில் போட்டுவிட்டுத் தாழைத் திறந்தார்.

அலுவலர் ஊசிமுனையால் எண்ணினார். முப்பதாவதில் ஊசி நின்றது.

"இது என்ன இவ்வளவு பெரிசு?"

"தண்ணிப் பாடம் சார். ஊறிப்போச்சு."

அவர் அதை முகர்ந்து பார்த்தார். டீச்சரின் நெற்றியைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடினார்கள். செவ்வந்தி நாக்கடியிலிருந்து புள்ளியை எடுத்து ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றரை லிட்டர் பாட்டிலை ஒரு விரலில் மாட்டிக்கொண்டாள். தெருவில் குடங்களை வரிசையாக வைத்த பிறகு புள்ளியை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். டீச்சரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

டீச்சர் வகுப்பைப் பூட்டினார். அவர் எடை 58.4 கிலோ. பொட்டு இல்லாமல் 584. வாசற்படியில் இரண்டு செங்கல்கள் உள்ளே இறங்கின. இன்று பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். சாலையில் கெட்டியான பக்கமாகப் பார்த்து அவர் நடந்து போனார்.