தலையிலா வாலிலா

கரண்டியை வாயருகே கொண்டுபோனதும் ரவூஃப் ஹோஜா, "யே" என்றார்.

துருக்கிய மொழியில் யே என்றால் தின். மனைவி நெஸிஹே கரண்டியைத் திரும்பக் கிண்ணத்தில் வைத்தாள். "யே இல்ல, யெமெக். சாப்பாடு. முப்பத்துநாலு வருஷம் ஊரான் பிள்ளைங்களுக்கு இலக்கணம் ஓதி ஹோஜான்னு பேர் வாங்கின வாத்தியார், இப்படி மொட்டையாவா பேசுறது?" அவர் இடப்பக்க உதட்டால் மட்டும் சிரித்தார். அந்தப் பாதிச் சிரிப்புக்காகத்தான் அவள் வேளா வேளைக்கு அவரை வம்புக்கு இழுத்தாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் வந்த பக்கவாதம் அவருடைய வலக்கையையும் வலக்காலையும் எடுத்துக்கொண்டது. பேச்சிலிருந்து எடுத்துக்கொண்டது வால்களை. வினைக்கு ஒரு வால் ஒட்டினால் அது பெயராகிவிடும், அதுதான் துருக்கியப் பேச்சின் சூட்சுமம் என்று வகுப்பில் அவர் சொல்வார். யாத் என்றால் படு, வாலைச் சேர்த்தால் யாத்தாக், படுக்கை. ஒல் என்றால் சா, வாலைச் சேர்த்தால் ஒலும், சாவு. இப்போது வெறும் வேர்கள்தான் வந்தன. 'யாத்' என்றால் படுக்கையைத் தட்டிப் போடச் சொல்கிறாரா, படுக்க வேண்டுமா, அவளைப் போய்ப் படுக்கச் சொல்கிறாரா என்று அவள்தான் ஊகிக்க வேண்டும். எட்டாம் வகுப்பைத் தாண்டாத நெஸிஹே, நாள் முழுக்க வால் ஒட்டிக்கொண்டே இருந்தாள். பெரும்பாலும் சரியாகத்தான் ஒட்டினாள்.

போன மாதம் அவரைக் குளிக்கத் தூக்கும்போது இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். அவள் இடது மணிக்கட்டு முறிந்தது. கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டும்வரை ஒரு காலைப்பொழுது முழுக்கக் குளிர்ந்த தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். அதற்குப் பிறகுதான் மகள் ஷுலே புர்ஸாவில் தன் வீட்டுக்கு அருகில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை இவர்கள் இருக்கும் குத்தாஹ்யாவுக்கே வந்துவிட்டாள்.

"நாளைக்குள்ள பதில் சொல்லணும்மா. இந்த ஒத்தக் கைய வச்சுக்கிட்டு நீ என்ன செய்வே? லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி வேற."

"என்னை ஏன்டி கேக்குறே? உங்கப்பாவைக் கேளு. காதுக்கு ஒண்ணும் ஆகலை."

ஷுலே கட்டிலருகே மண்டியிட்டாள். அப்பாவின் நல்ல கையை, இடக்கையை, தன் இரண்டு கைகளுக்குள்ளும் இறுகப் பொத்திக்கொண்டாள். "அப்பா, நீங்களே சொல்லுங்க. இங்கேயே இருக்கறதா, என் ஊருக்குப் போறதா?"

அவர் மகளைப் பார்த்தார். பிறகு நெஸிஹேயைப் பார்த்தார். உதடு துடித்தது.

"கித்மே."

நெஸிஹேக்கு முதலில் சந்தோஷம்தான் பொங்கியது. எட்டு மாதத்தில் முதல் வால்! "முளைச்சிருச்சுடி!" என்று கத்திவிட்டாள். கத்தி முடித்தபின்தான் அது எந்த வால் என்று யோசித்தாள்.

கித் என்றால் போ. 'மே' என்ற வாலோ இரட்டைப் பிறவி. ஒரு 'மே' ஒட்டினால் அது போதல். இன்னொரு 'மே' ஒட்டினால் போகாதே. எழுத்தில் இரண்டுக்கும் நூலளவு வித்தியாசம் கிடையாது. வாலில் அழுத்தினால் போதல், தலையில் அழுத்தினால் போகாதே. ஹோஜாவுக்குப் பிடித்த பாடமே இதுதான். வலக்கையில் சாக்பீஸ் இருக்கும். இடக்கையின் கல்யாண மோதிரத்தால், அழுத்தம் விழும் இடத்தில் மேசையை 'டக்'கென்று தட்டுவார். "டேய், காதலிக்கு இதைக் காகிதத்துல எழுதிக் குடுத்துறாதீங்க. போகாதேன்னு நீ எழுதுவே, அவ பெட்டியைக் கட்டிருவா. வாயால சொல்லுங்கடா!" வருடா வருடம் அதே வேடிக்கை, வருடா வருடம் வகுப்பு சிரிக்கும். வீட்டுக்கு வந்து அவளிடமும் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது அவர் குரலில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

"போறதுன்னுதானே சொல்றார்?" என்றாள் ஷுலே. அவள் முகம் மெல்ல மாறியது. "இல்ல... போகாதேங்கறாரா? அம்மா, அவர் பேச்சு உனக்குத்தான் புரியும். என்னம்மா சொன்னார்?"

நெஸிஹேயின் மணிக்கட்டு கட்டுக்குள் விண்விண்ணென்று தெறித்தது. அந்தத் தரையின் குளிர் இன்னும் முதுகில் இருந்தது. அவளுக்கு ஒரு முழுத் தூக்கம் வேண்டும். நாற்பத்தாறு வருடம் கூடவே இருந்த மனிதரைவிட அந்த நிமிடம் அந்தத் தூக்கம்தான் பெரிதாகப் பட்டது. அப்படிப் பட்டதே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

"கித்மே" என்றாள், வாலை அழுத்தி. "போறது. அப்படித்தான் சொன்னார். எனக்குக் கேட்டுச்சு."

ரவூஃப் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

வியாழக்கிழமை புர்ஸாவில் எல்லாம் நன்றாகவே இருந்தது. வெயில் விழும் அறை, வெளுத்த விரிப்பு, சிரித்த முகமாய் ஒரு பணிப்பெண். குறை சொல்ல ஏதாவது கிடைத்திருந்தால் நெஸிஹேக்குத் தேவலையாக இருந்திருக்கும். சவரச் சாமான்களை அலமாரியில் அடுக்கினாள். அவர் தொப்பியை ஜன்னலோரம் வைத்தாள், பிறகு கைக்கெட்டும்படி நகர்த்தி வைத்தாள். வண்டியைக் கொண்டுவர ஷுலே கீழே போனாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன், ஹோஜா. தர்ஹானா சூப் கொண்டாறேன். இங்க இருக்கற பொண்ணுங்ககிட்ட மொட்டையா பேசி மானத்த வாங்காதீங்க."

பாதிச் சிரிப்பு வரவில்லை. அவள் திரும்பி நின்று கோட்டை எடுத்தாள். நல்ல கையை நுழைத்தாள். கட்டுப் போட்ட கை உள்ளே போக மறுத்தது.

பின்னாலிருந்து குரல் வந்தது. இப்போது யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. அவர் இடக்கையை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவும் இல்லை.

"கித்" என்றபோதே கட்டிலின் இரும்புக் கம்பியில் மோதிரம் 'டங்'கென்று தட்டியது. பிறகு, தட்டாமல், "மே."

கீழே ஷுலே ஹாரன் அடித்தாள். கோட்டின் ஒரு கை காலியாகத் தொங்க, நெஸிஹே சுவரைப் பார்த்தபடியே நின்றாள். "கித்மே." இரும்பில் மோதிரம் மறுபடி தட்டியது, சொல்லின் தலையிலேயே.